நாந்தோவின் காது

அந்தக் காகிதம் வந்த அன்றைக்கே சானியே தன் மகளுக்குப் போன் போட்டாள்.

"கப்பலைப் பிடிச்சு வந்து சேருடி. கீழ் வீட்டுக்காரி இழுத்துக்கிட்டுக் கிடக்கா. அவ கண்ணை மூடறதுக்குள்ள நீ இங்க இருக்கணும்."

ருதினாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கீழ் வீட்டு லூமேவின் பெயரை அம்மா வாயால் கேட்டு நாற்பது வருஷம் ஆகிறது. இப்போதும் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனாலும் அவள் சாவின் மேல் அம்மாவுக்கு இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது?

"எதுக்கும்மா நான்?"

"படிச்சுக் காட்டத்தான். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. உனக்கு நல்லாத்தானே இருக்கு?"

கடலுக்கு அந்தப் பக்கம், இத்தாலியில், பாரி நகரத்தில் ஒரு பணக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, தூங்க வைப்பது ருதினாவின் வேலை. கிழவியின் மகனிடம் நான்கு நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். மறுநாள் காலையில் தன் ஊரான துர்ரஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, அப்பா ஓட்டிய கிரேன் நின்ற இடத்தை வழக்கம்போலப் பார்க்காமல் நடந்தாள்.

அம்மா குடியிருந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆட்சி கவிழ்ந்து, விரட்டப்பட்டவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, ருதினா இத்தாலியில் முதுகு ஒடிய உழைத்து அம்மாவுக்கு ஒரு வீடு வாங்க வந்தாள். கடலைப் பார்த்த மாதிரி, லிஃப்ட் வைத்து, நல்ல நல்ல வீடுகள் இருந்தன. அம்மா ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு குடியிருந்த அதே பழைய கட்டிடம், பழைய மாடிப்படி, லூமேவின் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற வீடு, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அவ தலை மேல நடக்கணும் நான்" என்றாள். நடந்தாள். வீட்டுக்குள் யாரும் போடாத பழங்காலத்து மரச்செருப்பைத் தேடிப் பிடித்து வாங்கி மாட்டிக்கொண்டு, இருபது வருஷமாக டொக் டொக்கென்று நடந்தாள். கம்பளத்தை லூமேவின் பால்கனிக்கு நேர் மேலே உதறினாள். லூமேவின் புருஷன் செத்தபோது கட்டிடமே துக்கம் கேட்கப் போயிற்று, அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்கினாள். சாவு வீட்டுக் காபியைக் குடிக்கப் போகாதது எங்கள் ஊரில் சாதாரணக் கோபம் இல்லை. கத்தியை எடுத்துக் குத்தினால்கூடச் சமாதானம் பேச வழி இருக்கிறது. இதற்குக் கிடையாது.

இப்போது காகிதம் சாப்பாட்டு மேஜையில், சர்க்கரைக் கிண்ணத்தின் கீழே இருந்தது. பழைய ஆட்சியின் ரகசியப் போலீஸ் கோப்புகளைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அம்மா யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டு, ஒன்றரை வருஷம் காத்திருந்து, அப்பாவின் கோப்பிலிருந்த காகிதத்தை வாங்கியிருந்தாள்.

"உங்கப்பன் நெஷாத்தை யாரு காட்டிக் கொடுத்தான்னு இதுல இருக்கு. அடியில கையெழுத்து. அவளோடதுதான்னு தபால்காரன் படிச்சுச் சொன்னான். ஆனா தபால்காரன் படிச்சா போதுமா? நெஷாத் பொண்ணு படிக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கு அவளைப் பாக்க ஜனங்க வருவாங்க. எல்லார் முன்னாடியும் நீ சத்தமா படிக்கணும். அதைக் காதுல வாங்கிக்கிட்டு அவ போகட்டும்."

ருதினாவின் கை மேஜைக்குப் போகவில்லை. இந்தக் காகிதத்துக்குத்தான் அவள் ஆறு வயதிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். ஏனென்றால் அப்பாவைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அது லூமே இல்லை.

*

நாந்தோ ஒரு கழுதை. சாம்பல் நிறக் கம்பளித் துணியில் தைத்த பொம்மை. பட்டன் போன ஒரு வெயிஸ்ட்கோட், தொளதொளவென்று ஒரு காது, விறைப்பாக நிற்கிற ஒரு காது. இத்தாலி டிவியில் தினமும் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆறே நிமிஷம் வருவான். பகல் முழுக்க எல்லோர் வம்பிலும் மூக்கை நுழைத்துவிட்டு, கடைசியில் வைக்கோலில் படுப்பான். ஆனால் அந்த விறைத்த காது மடங்காது. காது மடங்காவிட்டால் தூக்கம் வராது. தலையைத் தூக்கி, டிவிக் கண்ணாடி வழியாக நேரே குழந்தைகளைப் பார்ப்பான். வீட்டில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் அவன் காதில் ஊத வேண்டும். ஊதினால் காது மெல்ல மடியும், விளக்கு அணையும்.

அந்த நாளில் இத்தாலி டிவி பார்ப்பது குற்றம். மாடிகளில் ஆன்டெனா மலைப் பக்கம் பார்த்தால் நல்ல குடிமகன், கடல் பக்கம் பார்த்தால் எதிரி. அதனால் யாரும் ஆன்டெனாவைத் தொடுவதில்லை. காலி எண்ணெய் டப்பாவில் கம்பியும் இன்னும் என்னென்னவோவும் வைத்து வீட்டுக்குள்ளேயே அலையைப் பிடிக்கிற வித்தை துறைமுகத்து ஆட்களுக்குக் கைவந்திருந்தது. அப்பாவின் டப்பா மாவுப் பானைக்குள் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் கதவைத் தாழ் போடுவார், ரேடியோவில் அணிவகுப்புப் பாட்டைச் சத்தமாக வைப்பார், மாவு அப்பிய கையோடு டப்பாவை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு நிற்பார். திரை முழுக்கப் பனி கொட்டும். அந்தப் பனிக்குள்ளிருந்து நாந்தோ வருவான். சில நாள் அலை கிடைக்காது. அன்றைக்கெல்லாம் ருதினா சாப்பிட மாட்டாள்.

"கடல் கோவமா இருக்குடி. நாளைக்குச் சரியாயிடும்."

"நாளைக்குச் சரியானா போதுமா? இன்னைக்கு அவன் எப்படித் தூங்குவான்?"

"உனக்குப் பதிலா இத்தாலிப் பசங்க ஊதுவாங்க. நீ கஞ்சியைக் குடி."

இத்தாலிப் பசங்களை அவள் நம்பவில்லை. அலை கிடைத்த நாட்களில் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஊதுவார்கள். அம்மாதான் பலமாக ஊதுவாள். டிவி மேல் விரித்திருக்கும் பின்னல் துணியின் ஓரம் ஆடும், அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். காது மடியும். ருதினாவுக்கு நெஞ்சு நிறைந்து போகும். ஆறு வயதில் அவளிடம் யாரும் எந்தப் பொறுப்பும் கொடுத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர.

அவர்கள் டிவி ஒருமுறை ரிப்பேருக்குப் போனபோது, அம்மா அவளைக் கீழே லூமே வீட்டுக்கு அனுப்பினாள். அங்கேயும் ஒரு டப்பா இருந்தது. லூமேவின் மகன் பெஸ்னிக்கும் அவளும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து ஒரு வாரம் ஊதினார்கள். இரண்டு வீட்டுக்கும் இடையில் அப்படி ஒரு நெருக்கம் இருந்தது. ஒருவர் கழுத்து இன்னொருவர் கையில் இருக்கிற நெருக்கம்.

"வெளிய நாந்தோ பேரை எடுத்தே, அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். ருதினா எடுத்ததில்லை. அந்த ஊரில் இருந்த கடைசி நாள்வரை அவள் அந்தப் பெயரை வெளியே சொல்லவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் மாதம் தலைநகரத்திலிருந்து பொம்மலாட்டக் குழு ஒன்று அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மலையில் ஒளிந்திருக்கிற போராளிகளுக்குத் தோட்டா கொண்டு போகும் வீரக் குழந்தைகளின் கதை. தோட்டாவைச் சுமக்க ஒரு கழுதை. பழுப்பு நிறம், கனத்த தலை, நாந்தோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதை ஆட்டியவன் யாரோ, கெட்டிக்காரன். காட்டில் இருட்டியதும் கழுதை களைத்துப் போய் முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டுப் படுத்தது. ஒரு காது மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஹாலில் சத்தமே இல்லை. ருதினா பக்கத்தில் பார்த்தாள். பெஸ்னிக்கின் இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பியிருந்தன. அவனுக்கு அடுத்தவளின் கன்னமும் உப்பியிருந்தது. முன் வரிசையில், பின் வரிசையில், அங்கங்கே எத்தனையோ கன்னங்கள். யாரும் ஊதவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கோத்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் வீட்டில் நன்றாகப் பழக்கப்பட்டவர்கள்.

ருதினாவுக்கு அது தாங்கவில்லை. கழுதை தூங்காமல் கிடக்கிறதே என்பதைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் இல்லை. எழுந்து போனாள். மேடை அவள் கழுத்து உயரம் இருந்தது. எட்டி, அந்தக் காதில் மூன்று முறை ஊதினாள்.

காது மடிந்தது.

அதுதான் அவள் வாழ்நாள் முழுக்க மறக்காதது. திரைக்குப் பின்னால் இருந்தவனின் விரலுக்கும் நாந்தோவைத் தெரிந்திருக்கிறது. அவனும் எங்கேயோ ஒரு வீட்டில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறான். ஊதியதும் யோசிக்காமல் மடக்கிவிட்டான்.

யாரோ கைதட்டினார்கள். டீச்சர் வெளுத்துப் போய் அவளை இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசல் ஓரத்தில், பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற லூமே, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து அப்பாவைக் கொண்டு போனார்கள். மாவுப் பானையைக் கவிழ்த்து டப்பாவை எடுத்தார்கள். அம்மாவையும் ருதினாவையும் லாரியில் ஏற்றித் தெற்கே சதுப்பு நிலத்து கிராமம் ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு எட்டு வருஷம், வடக்கே தாமிரச் சுரங்கத்தில். வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம். முதல் முறை பார்த்தபோதே அம்மா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னாள்: "லூமேதான். போலீஸ் கட்டிடத்துலேர்ந்து அவ வெளிய வர்றதைப் பாத்தவங்க இருக்காங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ருதினா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

பிறகு அப்பா அவளைக் கூப்பிட்டு, காவலாளிக்குக் கேட்காமல் கேட்டார். "அவன் தூங்கறானா?"

"தூங்கறான்பா."

"யாரு ஊதறா இப்போ?"

அந்தக் கிராமத்தில் டிவியே கிடையாது. "நான்தான்" என்றாள். அப்பா சிரித்தார். ஐந்தாவது குளிர்காலத்தில் சுரங்கத்துக்குள் செத்துப்போனார். உடம்பைக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் சொல்ல முடியவில்லை. அம்மா சேற்றுக் கால்வாயில் மண் அள்ளினாள், மலேரியாவில் விழுந்தாள், எழுந்தாள். பெயரைச் சொல்லாமலே லூமேவைச் சபித்துக்கொண்டு எழுந்தாள். அந்த வெறுப்பைப் பிடுங்கிக்கொண்டால் அம்மா நிற்க மாட்டாள், விழுந்துவிடுவாள் என்று ருதினா தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மீதி வெறும் பயம்.

பாரியில் கிழவி வீட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிழவியின் மகனிடம், அவனும் கிட்டத்தட்ட அவள் வயதுக்காரன், நாந்தோவை ஞாபகம் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "அந்தக் கழுதையா? ரெண்டு வருஷத்துல நிறுத்திட்டாங்களே. சரியான அறுவை" என்றான் அவன். ருதினா குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் நின்றாள்.

*

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? படி."

ருதினா காகிதத்தை எடுத்தாள். தன் பெயரைத் தேடித்தான் கண் ஓடியது. பள்ளிக்கூடத்து ஹால், கழுதை, குழந்தை, எதுவும் இல்லை. டைப் அடித்த ஐந்து வரிதான் இருந்தது. குடிமகன் நெஷாத் தன் வீட்டில் எதிரி நாட்டு ஒளிபரப்பைப் பிடித்து, கழுதைப் பொம்மை ஒன்று பேசுவதைக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. லூமே, துப்புரவுத் தொழிலாளி.

"பாத்தியா?" அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். "அவ வீட்ல டப்பா இருந்தது எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளும் லாரியில ஏறியிருப்பா. என் வாயிலேர்ந்து வந்துச்சா? வரலையே! அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

ருதினாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பெயர் இல்லை. அப்புறம் அந்த நிம்மதிக்காகவே அவள் வெட்கப்பட்டாள். லூமே அன்றைக்கு ஹாலில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு ஏன் இப்படி எழுதிக் கொடுத்தாள்?

ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தது பெஸ்னிக்கின் மனைவி ஸாமிரா. பெஸ்னிக் கிரேக்கத்தில் வேலையில் இருந்தான், நாளைக்குத்தான் வருவான். மேல் வீட்டு ஆள் வாசலில் நிற்பதைப் பார்த்து ஸாமிரா திகைத்து, ஒதுங்கி வழி விட்டாள்.

லூமே ஒரு சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தாள்.

"யாரு?"

"ருதினா, தேத்தா. மேல் வீடு." சின்ன வயதில் கூப்பிட்ட அந்த அத்தை முறை தானாக வாயில் வந்தது.

"மேல் வீடா? என்ன, இன்னைக்குக் காலையிலேர்ந்து செருப்புச் சத்தமே இல்ல? உங்கம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

ருதினா கட்டிலோரம் உட்கார்ந்தாள். காகிதம் வந்ததைச் சொன்னாள். "நீங்க ஹால்ல பாத்தீங்கள்ல? ஊதினது நான்னு ஏன் சொல்லலை?"

லூமே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டாள்.

"போலீசுக்கு அதான் ஏற்கனவே தெரியுமே. டீச்சர் சொல்லிட்டா. சாட்சிதான் வேணும். என்னைக் கூப்பிட்டு உன்னைக் கொண்டாரச் சொன்னாங்க. அதே ஹால்ல நாற்காலி போட்டு, அது மேல உன்னை நிக்க வெச்சு, வீட்ல சாயங்காலம் என்ன பாப்பேன்னு ஊர் முன்னாடி நீ சொல்லணுமாம். உங்கப்பனை எதிர்ல உக்கார வெச்சு. வேற எங்கயோ அப்படி ஒரு பிள்ளையை நிக்க வெச்சாங்க, நான் கேள்விப்பட்டிருக்கேன். அது அப்புறம் பேசவே இல்லையாம். எப்படியும் நெஷாத்தை விடப் போறதில்ல. பிள்ளை எதுக்கு, நானே கண்ணால பாத்தேன்னு சொன்னேன். எழுதினாங்க. கையெழுத்துப் போட்டேன்."

ருதினா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். லூமே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இரு, இரு. என்னை அவுலியா ஆக்கிடாதே, மகான் எல்லாம் இல்ல நான். என் பையன் உன் பக்கத்துல கன்னத்தை உப்பிக்கிட்டு உக்காந்திருந்தானா இல்லையா? உன்னை நாற்காலியில ஏத்தியிருந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? வேற எங்க பாத்தேன்னுதான் வரும். நீ எங்க வீட்டைச் சொல்லியிருப்பே. உனக்காகப் பாதி, எனக்காகப் பாதி. எது பெரிய பாதின்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"அம்மாகிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? உன் பொண்ணுதான்டின்னா? அவளுக்கு இருந்ததே நீ ஒருத்தி. அதுவும் இல்லாம, கையெழுத்து என்னோடதுதானே. அவளுக்கு எங்க டப்பாவைத் தெரியும். வாயைத் திறக்கலையே அவ! சரி, மிதிச்சுக்கட்டும், மரச்செருப்பு போட்டு மிதிச்சுக்கட்டும்னு கிடந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இப்போ சொல்லிடுடி. என்னால இனிமே தாங்க முடியாது. அவ ஒரே ஒரு காபி, நான் உசுரோட இருக்கறப்போ என் வீட்ல குடிச்சா போதும். ஸாமிரா நல்லா போடுவா."

"சொல்லிடறேன், தேத்தா. இப்பவே."

இப்பவே என்றவள் படியேறி மேலே போகவில்லை. கால் கீழே இறங்கியது. கடற்கரை வரை நடந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அலைக்கரையில் ஒரு சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் சொல்லாதவளுக்கு இன்னும் பத்து நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அம்மா கறுப்புக் கவுன் போட்டு, தலைத்துணி கட்டி, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி நாலாகப் பத்து நிமிஷம்.

"ரொட்டி எங்கடி?"

"அம்மா, அதைப் படிக்க வேண்டாம். அது பொய்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை, சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டினாள். பழுப்புக் கழுதை படுத்ததை, கன்னங்களை, எழுந்து போனதை, ஊதியதை, லூமே நின்றதை, நாற்காலியை, கையெழுத்தை. முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காது மடிஞ்சுதா?"

"மடிஞ்சுதும்மா."

அம்மா தலையாட்டினாள். காகிதத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்தாள். குனிந்து மரச்செருப்பைக் கழற்றினாள். வெறும் கம்பளிக் காலுறையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நெஷாத்தைக் கொண்டு போவதற்கு முன்னால்தான் கடைசியாக இந்தப் படியில் அவள் லூமே வீட்டுக்கு இறங்கியது. ருதினா பின்னாலேயே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே பெண்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஸாமிரா கட்டிலருகில் முட்டி போட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் லூமேவின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மூச்சு நின்னு கால் மணி நேரம் ஆச்சு" என்றாள் யாரிடமோ. "காபித் தண்ணியைக்கூட அடுப்புல வெக்கச் சொன்னாங்க. மேல் வீட்டுலேர்ந்து ஆள் வரும்னாங்க."

*

மறுநாள் பெஸ்னிக் வந்தான், அடக்கம் முடிந்தது. பெண்கள் வீட்டில் கூடினார்கள். சுவரோரம் வரிசையாக நாற்காலி. வருகிறவர்கள் துக்கம் சொல்லி, உட்கார்ந்து, சர்க்கரை போடாத காபியைக் குடித்து, எழுந்து போனார்கள். அம்மா வருகிறவர்கள் பக்கம் உட்காரவில்லை. சொந்தக்காரர்கள் உட்காரும் பக்கம், ஸாமிராவின் காலி நாற்காலிக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். கட்டிடத்துப் பெண்கள் வாயடைத்துப் போய்ப் பார்த்தார்கள். ஆனாலும் கையைக் கொடுத்தார்கள், அவளும் நெருங்கிய உறவுக்காரி மாதிரி வாங்கிக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் ருதினாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் ருதினா பிழைத்திருப்பாள்.

ஸாமிராவுக்கு ஒத்தாசையாக ருதினா காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தாள். அம்மாவின் முன்னால் வந்து குனிந்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டி, தனக்கு நேரே இருந்த கோப்பையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடினாள். ஆவி சுட்டும் கையை எடுக்கவில்லை.

"அம்மா" என்றாள் ருதினா மெதுவாக. "எனக்கு ஆறு வயசுதானேம்மா."

"ஆறு வயசுல ஊதினதுக்கு நான் உன்னை என்ன கேக்கப் போறேன்?" அம்மா பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல் பேசினாள். "ஊதச் சொல்லிக் கொடுத்ததே நாங்கதானே. உங்கப்பனும் நானும். அதுக்கப்புறம் நாப்பது வருஷம், அந்தப் பிள்ளைங்க மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அதுக்குத்தான்டி. அவரு லூமேவைச் சபிச்சுக்கிட்டே செத்தாரு. அதை நான் எங்க போய்த் திருப்பி வாங்குவேன்?"

ருதினா குனிந்தபடியே நின்றாள்.

அடுப்படியிலிருந்து ஸாமிரா இன்னொரு கோப்பையோடு வந்தாள். அம்மா கோப்பையின் மேலிருந்த கையை எடுத்து, மகளின் தட்டைத் தாண்டி நீட்டி, ஸாமிராவிடமிருந்து அந்தக் காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்லா போட்டிருக்கேம்மா" என்றாள். அடியில் வண்டல் தெரியும் வரை மெல்ல மெல்லக் குடித்தாள்.

வரிசையில் அடுத்தவள் காபிக்குக் கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். ருதினா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். கடைசி நாற்காலி வரை போய்விட்டு அடுப்படிக்குத் திரும்பியபோது தட்டில் ஒரு கோப்பை மட்டும் நிறைந்திருந்தது. அதைக் கொட்ட மனம் வராமல், ஆறிப்போகும் வரை வைத்துக்கொண்டு நின்றாள்.